ஒரு முட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம்

நான் கோளரங்கத்தில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப ஜாதகம் பார்ப்பியா கண்ணு?" அடுத்த கேள்வி, "உள்ள ஏசி உண்டா?" ஜாதகம் பார்க்கத் தெரியாது. ஏசி உண்டு, அதுவும் இரண்டு. ஓடினால் அந்தச் சத்தத்தில் பேசுவது கேட்காது, நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிரபஞ்சம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆந்திராவில் இருக்கிற சித்தூர் வேறு. கேரளம் என்றதும் கண்ணில் வருகிற காயலும் படகும் எங்கள் பக்கம் கிடையாது. கரிசல் மண், நிலக்கடலை, தென்னை, பனை. கள்ளுக்குப் பேர்போன தாலுகா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். பத்தாவது வரைக்கும் நான் படித்தது தமிழ் மீடியம்.

எம்.எஸ்சி. இயற்பியலுக்குக் கேரளத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதன் பெயர் வேண்டாம், போகப்போகச் சில குறைகளைச் சொல்லப்போகிறேன். துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு கோளரங்கம் இருந்தது. 8 மீட்டர் டோம், அதாவது கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கூரை, அதன் உள்பக்கம்தான் வானம். 60 நாற்காலி. அதில் நான்கு நாற்காலி சாய்ந்தால் நிமிராது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரை ஷோவுக்கு உதவியாக வைத்துக்கொள்வார்கள், ஒரு ஷோவுக்கு இவ்வளவு என்று மெஸ் பில்லில் பாதியாவது கட்டுகிற மாதிரி ஒரு தொகை. அதற்காகத்தான் சேர்ந்தேன். வானத்தின் மேல் காதல் எல்லாம் அப்புறம் வந்தது.

நிரந்தரமாக அங்கே இருந்தது மூன்று பேர். நிரந்தரம் என்ற சொல்லைக் கொஞ்சம் தளர்வாகத்தான் பயன்படுத்துகிறேன்.

பொறுப்பாளர், எங்கள் பேராசிரியர். எல்லோருக்கும் மாஷ். அவருக்குக் கோளரங்கம் என்றால் கோப்பு. பராமரிப்பு ஒப்பந்தக் கோப்பு, மின்கட்டணக் கோப்பு, "குழந்தைகள் வாந்தி எடுத்த விரிப்பை மாற்றுவது தொடர்பாக" என்று தலைப்பிட்ட கோப்பு ஒன்றை நானே பார்த்தேன். டிக்கெட் சேச்சி, ஐம்பதைத் தாண்டியவர். டிக்கெட் கிழிப்பது அவர் வேலையில் பத்தில் ஒன்று. மிச்சம், இருட்டில் அழுகிற குழந்தையைத் தூக்கி வெளியே கொண்டுபோவது, வாந்தி வருகிற முகத்தை இருட்டிலேயே கண்டுபிடித்து பிளாஸ்டிக் கவரை நீட்டுவது, எவன் போனை எடுத்தாலும் அந்த வெளிச்சம் தெரிவதற்குள் போய் நிற்பது. வானம் வேகமாகச் சுற்றினால் தலை சுற்றும். நாற்காலி அசையாது, ஆனால் கண் முழுக்க வானம் ஒரு பக்கமாக ஓடும்போது உடம்பு தான்தான் சுற்றுகிறோம் என்று நம்பிவிடும். சேச்சி இதையெல்லாம் படித்ததில்லை. "மூணாவது வரி, இடது ஓரம்" என்று என் காதில் சொல்வார், நான் வானத்தை நிறுத்துவேன்.

மூன்றாவது ஆள் ஆபரேட்டர். அவரைச் சேட்டன் என்றே எழுதுகிறேன். ஆலத்தூர்க்காரர், ஐ.டி.ஐ. படித்தது கோயம்புத்தூரில் என்பதால் தமிழ் நன்றாக வரும். அவருடைய நியமனம் 179 நாளுக்கு. 180ஐத் தொட்டால் வேறு பேச்சு வந்துவிடும் என்று 179லேயே முடித்து, ஒரு இடைவெளி விட்டு, மறுபடி நேர்காணல் வைத்து, மறுபடி அவரையே எடுப்பார்கள். இப்படி ஒன்பது வருஷம். ஒவ்வொரு நேர்காணலிலும் "கோளரங்கம் இயக்கிய முன் அனுபவம் உண்டா?" என்று கேட்பார்களாம். "கொஞ்சம் உண்டு" என்று பதில் சொல்வாராம்.

முதல் நாள் எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது சூரியனை எப்படி மறைய விடுவது என்பது. டோமின் அடிவிளிம்பைச் சுற்றி, கண்ணில் படாதபடி விளக்குகள் இருக்கும். அவற்றை மெல்ல மெல்ல இறக்க வேண்டும், கூடவே மேற்கே ப்ரொஜெக்டர் காட்டுகிற சிவப்பும் இறங்க வேண்டும். நான் ஒரே இழுப்பில் இறக்கிவிட்டேன். 60 பிள்ளைகளும் சேர்ந்து வீறிட்டார்கள், கரண்ட் போன கல்யாண மண்டபம் மாதிரி. சேட்டன் விளக்கை மறுபடி ஏற்றிவிட்டுச் சொன்னார்: "மோளே, சூரியன் தானா இறங்கட்டும். நீ பிடிச்சுத் தள்ளாதே."

இதில் கண் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். எங்கள் ஷோவே 35 நிமிஷம்தான். அதனால் அஸ்தமனத்தை இழுத்து ஐந்து நிமிஷமாக்கினால், அந்த ஐந்து நிமிஷமும் கண்ணுக்கு லாபம். சேட்டன் அந்த ஐந்து நிமிஷமும் ஒன்றும் பேசமாட்டார். "அமைதி, அமைதி" என்று மைக்கில் கத்துகிற ஆட்களை வேறு கோளரங்கங்களில் பார்த்திருக்கிறேன். இவர் கத்துகிறவர்கள் கத்தி முடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். நான்காவது நிமிஷத்தில் முதல் நட்சத்திரம் வரும்போது எங்கிருந்தோ ஒரு "ஆ" கேட்கும். அதற்குப் பிறகு மைக்கை எடுப்பார்.

பதிவு செய்த படமும் இருந்தது. வாங்கின இடத்திலிருந்து மலையாளக் குரல் ஒன்று, ஆங்கிலக் குரல் ஒன்று, இரண்டு டிராக். எல்லையோரப் பள்ளிகளிலிருந்து வருகிற தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு எதைப் போடுவது? நான் சேருகிறவரை மலையாளம்தான். நாங்கள் மலையாளம் புரியாதவர்கள் இல்லை, பஸ்ஸிலும் கடையிலும் பேசுகிற மலையாளம் புரியும். அந்தப் படத்தில் பேசியவர் பேசியது சமஸ்கிருதத்தில் ஊறிய மலையாளம், அது ஆலத்தூர் சேட்டனுக்கே பாதிதான் புரியும். சரி, நீ தமிழில் பேசு என்றார் மாஷ். கோப்பு எதுவும் போடவில்லை, அது அவர் செய்த பெரிய உபகாரம்.

நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி இப்போதும் நினைவிருக்கிறது, அதை நினைத்தால் காது சூடாகிறது: "அண்டவெளியின் எல்லையற்ற பரப்பில் ஒளிவீசும் விண்மீன் குழாம்களைக் காண உங்களை அன்புடன் வரவேற்கிறோம்." வந்திருந்தது எங்கள் தாலுகாவின் ஒரு பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பு. ஒரு பிள்ளை அசையவில்லை. மரியாதையான மௌனம். அசெம்பிளியில் தலைமை ஆசிரியர் பேசும்போது இருக்குமே, அது.

என்னைக் காப்பாற்றியது ஒரு பல்லி. விருச்சிகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டை நட்சத்திரம் சிவப்பாக இருக்கிறது, வால் மூலம் என்று காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது, தெற்கிலிருந்து ஒரு நிழல் விடுவிடுவென்று ஏறி, தேளின் வாலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. உடம்பு மேல் இரண்டு நட்சத்திரம். "ஐயோ பல்லி!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். டோமே சிரித்தது. "தேளைத் திங்க வந்துருச்சுங்கக்கா" என்று ஒரு பையன் குரல் கொடுத்தான். "தேளு அதைவிடப் பெருசுடா, இந்த வால் நுனியிலிருந்து கொடுக்கு வரைக்கும் பாரு" என்று பச்சை லேசரை எடுத்தேன். காகிதம் கீழே விழுந்தது. அப்புறம் நான் அதைத் தேடவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனேன்.

ஷோ முடிந்து விளக்கு மெல்ல ஏறும்போது, முன்வரிசையில் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இது எந்த ஊருங்க?"

"எது?"

"சுத்தியும் மரம் தெரியுதே. பனையே இல்ல. நம்மூரு மாதிரியே இல்லீங்க."

நான் சேட்டனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது ஸ்டெல்லேரியம். காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள், ஃபாபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. அதைத் திறந்ததும் அடிவானத்தில் தானாக வந்து நிற்கிற நிலக்காட்சிக்குப் பெயர் கெராங். பிரான்ஸில் ஒரு ஊர். புல்வெளி, மரங்கள். சேட்டன் தினமும் முதல் வேலையாக இடத்தைப் பாலக்காடு என்று மாற்றுவார், தேதியை அன்றைய தேதியாக்குவார், வானம் அச்சாக எங்கள் வானமாகிவிடும். நிலம் மட்டும் பிரான்ஸாகவே இருந்திருக்கிறது. எத்தனையோ வருஷமாகச் சூரியன் பாலக்காட்டு நேரத்துக்கு ஒரு பிரெஞ்சு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. ஒருவரும் கேட்டதில்லை. மாஷும் கேட்டதில்லை, ஆய்வுக்கு வந்த கமிட்டியும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் அடிவானத்தையே படம் எடுத்துவர, சேட்டனின் பைக்கில் போனோம். சேச்சியும் பஸ்ஸில் வந்தார், கூட ஒரு டிபன் கேரியர். எங்கள் மாமாவின் கடலைக் காட்டு நடுவில் டிரைபாடை நிறுத்தி, சேட்டன் ஒவ்வொரு படமாகத் திருப்பித் திருப்பி எடுத்தார். ஒரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தின் ஓரமும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், அப்போதுதான் பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரே படமாகத் தைக்க முடியும். காற்று விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, எங்களுக்கு அது பழக்கம், டிரைபாடுக்குப் பழக்கமில்லை. மூன்று கால்களிலும் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். மாமா வரப்பில் நின்று, "கல்யாண போட்டோவுக்குக் கூட இத்தனை நேரம் ஆகாதுங்களே" என்றார்.

அந்தப் படத்தைத் தைத்து முடித்து டோமில் ஏற்றியபோதுதான் நான் பிறந்த ஊர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வடக்கே வாளையாறு மலைகள். தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும். கிழக்கும் மேற்கும் திறந்து கிடக்கிறது. சூரியன் ஒரு வாசல் வழியாக வந்து இன்னொரு வாசல் வழியாகப் போகிறது. வடக்கே, மலைக்கு மேலே, மாமா காட்டு வேலியோரத்து ஒற்றைப் பனைக்குக் கொஞ்சம் வலது பக்கம், துருவ நட்சத்திரம்.

துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் நிற்கிற இடத்தின் அட்சரேகை. கொழிஞ்சாம்பாறை பத்தே முக்கால் டிகிரி. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால், அந்த முட்டியின் அகலம் வானத்தில் கிட்டத்தட்ட 10 டிகிரியை மறைக்கும். ஆக, எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம். வெளிநாட்டுப் புத்தகங்களில் அது எங்கோ உச்சியில் தொங்கும். அதைப் பார்த்துப் படித்துவிட்டு எங்கள் பிள்ளைகள் நடுவானத்தில் தேடுவார்கள். "முட்டியை நீட்டு, மலைமேல வை, அதுக்கு மேல இருக்குது பாரு, மங்கலா ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிக்கொடுத்த பிறகு, 60 முட்டிகள் ஒரே நேரத்தில் இருட்டில் எழும். சேச்சி அதைப் பார்த்துவிட்டு, "சமரம் மாதிரி இருக்கு" என்றார். கேரளத்தில் வேலைநிறுத்தம் பார்க்காத கண் உண்டா?

இந்த முட்டிக் கணக்கு வந்த பிறகு எனக்கு அகத்தியர் மேல் ஒரு கண். அகத்திய நட்சத்திரம், வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம். மாசி மாதம் இருட்டியதும் எங்களுக்குத் தெற்கே இரண்டரை முட்டி உயரத்தில், ஆனைமலைக்கு மேலே ஜொலிக்கும். இதைச் சொல்லும்போது நான் ஒரு கதையைச் சேர்த்துக்கொள்வேன். உலகத்தின் முதல் நவீன கோளரங்கக் கருவியை ஜெர்மனியில் ஜெனா நகரத்தின் ஸைஸ் கம்பெனிக்காக வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் என்ற பொறியாளர் வடிவமைத்தார். மியூனிக் அருங்காட்சியகத்தில் 1923 அக்டோபரில் முதலில் காட்டினார்கள். சுமார் 4500 நட்சத்திரங்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவி மியூனிக்கின் அட்சரேகைக்கு மட்டும் செய்தது, 48 டிகிரி. அங்கே அகத்தியர் எந்த நாளிலும் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. 4500 நட்சத்திரத்தில் அவர் இல்லை. "அவர்தான் தெற்கே வந்துட்டாரே" என்று ஒரு தடவை ஒரு பள்ளித் தமிழையா இருட்டில் சொன்னார். அதிலிருந்து அந்த வரியை நான் கூசாமல் என்னுடையதாக வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஷோவைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு மாசி மாதம், எங்கள் பஞ்சாயத்திலிருந்து தொழிலுறப்பு வேலை செய்கிற பெண்களை ஒரு நாள் டூர் கூட்டி வந்தார்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பார்களே, அது. தமிழ் பேசுகிறவர்கள் பாதி, மலையாளம் பேசுகிறவர்கள் பாதி, இரண்டையும் கலந்து அடிக்கிறவர்கள் எல்லோரும். என் பெரியம்மாவும் அதில் இருந்தார். கதவைத் தாண்டும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், கோயிலா கடையா என்று தீர்மானம் ஆகாத முகம்.

சேட்டன் மாசி மாத ராத்திரி வானத்தைப் போட்டார். எங்கள் கடலைக் காடு, எங்கள் மலைகள். "அட, நம்ம பனை!" என்று நாலைந்து குரல். உச்சிக்கு அருகே வேட்டைக்காரன், அதாவது ஓரியன் நட்சத்திரக் கூட்டம். நான் லேசரை அவன் தோளில் வைத்து, "இந்தச் செவப்பா இருக்கறதுதான் திருவாதிரை" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெரியம்மா: "ஏங் கண்ணு, இதேதான் திருவாதிரையா?"

"இதேதான் பெரியம்மா."

"ஞாற்றுவேலைன்னு சொல்றமே, அந்தத் திருவாதிரையா?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் விவசாயக் கணக்கு ஞாற்றுவேலையில்தான். சூரியன் 27 நட்சத்திரங்களில் ஒவ்வொன்றிலும் 13, 14 நாள் தங்குகிறது, அந்தத் தங்கல் ஒரு ஞாற்றுவேலை. அஸ்வதி ஞாற்றுவேலையில் இது விதை, ரோகிணியில் இது நடு என்று ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. ராஜா திருவாதிரை. ஜூன் 22 வாக்கில் தொடங்கும். "திருவாதிர ஞாற்றுவேலயில் திரிமுறியாத மழ" என்பது பழஞ்சொல், இழை அறுபடாத மழை. அந்தச் சமயத்தில் குச்சியை ஒடித்து நட்டாலும் தளிர்க்கும், மிளகுக் கொடி நடுவது அப்போதுதான். போர்ச்சுகீசியர்கள் மிளகுக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியிடம் முறையிட்டபோது, "கொடியைக் கொண்டுபோகட்டும், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா?" என்றாராம். கதைதான். எங்கள் தாலுகாவில் தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் சண்டை போடாமல் ஒப்புக்கொள்கிற பஞ்சாங்கம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவின் சந்தேகம் இதுதான்: "அப்படின்னா மழைக்காலத்துல இதைக் காணவே காணமே? மாசியில நடுவானத்துல நிக்குது. ஆனி மாசம் எங்க போகுது?"

"மேகம் மறைக்கும்ல அக்கா" என்றது பின்வரிசை.

"மேகம் ஒரு நாளாச்சும் விலகுமல்ல? அப்பவும் நான் பார்த்ததில்லை."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். சேட்டன் கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்றும் சொல்லாமல் தேதியை ஜூன் 22க்குக் கொண்டுபோனார், நேரம் நடுப்பகல். டோம் முழுக்க நீல வெளிச்சம், எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். பிறகு கீபோர்டில் 'ஏ' எழுத்தை ஒரு தட்டு. அது காற்று மண்டலத்தை எடுத்துவிடும். நீலம் போனது. நட்டநடுப் பகலில் வானம் கறுத்து நட்சத்திரங்கள் வந்து நின்றன, சூரியனும் அங்கேயே நின்றது. உச்சந்தலைக்கு நேராகச் சிவப்பாக ஒன்று. அதற்கு ஒன்றரை முட்டி வடக்கே சூரியன்.

நான் லேசரைக்கூட எடுக்கவில்லை.

"அட," என்றார் பெரியம்மா. "அது அங்கேயே தான நிக்குது. சூரியன் வந்து பக்கத்துல உக்காந்துக்குச்சு."

அதுதான் ஞாற்றுவேலை. திருவாதிரையை வைத்து மழையைக் கணக்குப் போடுகிற நாளில் திருவாதிரையைப் பார்க்க முடியாது. பகல் முழுக்கத் தலைக்கு மேலே இருக்கும், சூரியனோடேயே எழுந்து சூரியனோடேயே போய்விடும். பாடத்தில் இதை நான் வேறு சொற்களில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். பெரியம்மாவுடைய அந்த "உக்காந்துக்குச்சு"க்கு முன்னால் எனக்கு அது புரிந்திருந்ததா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்ல முடியாது.

பிறகு நிறுத்தவே முடியவில்லை. மகம் காட்டு, அத்தம் காட்டு, என் மகள் பூரட்டாதி, அதைக் காட்டு. சேட்டன் சூரியனை ஒவ்வொரு வீடாக நகர்த்திக்கொண்டே போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தப் பெண்கள் அந்தப் பதினான்கு நாளில் செய்கிற வேலையைச் சொன்னார்கள். இதற்கு இந்த உழவு, இதற்கு இந்தக் களை. 35 நிமிஷ ஷோ ஒன்றே கால் மணி நேரம் ஓடியது. அடுத்த பேட்ச் வெளியே வெயிலில் நின்றது, சேச்சி அவர்களுக்குச் சம்பாரம், அதான் மோர், வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார், தன் காசில். மாஷ் வந்து எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருஷமே ப்ரொஜெக்டர் லேம்ப் போனது. மூன்று கொட்டேஷன் வேண்டும், அந்த லேம்பை விற்பதே ஒரே ஒரு ஏஜென்சி. ஒரு ஆளிடம் மூன்று கொட்டேஷன் எப்படி வாங்குவது என்று நிதிப் பிரிவு ஒரு குறிப்பு எழுதி, மாஷ் அதற்கு ஒரு குறிப்பு எழுதி, ஐந்து மாதம். சேட்டனின் 179 நாளும் அதற்குள் முடிந்தது, ஷோ நடக்காததால் மறு நேர்காணலும் தள்ளிப்போனது. சம்பளம் இல்லாத அந்த நாட்களிலும் அவர் வந்தார். சாலை வளைவுகளில் எதிர்வண்டி தெரிய வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு குவியாடியை எங்கிருந்தோ கொண்டுவந்தார். வகுப்பறை ப்ரொஜெக்டரை அதன் முன்னால் வைத்து, ஆடியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தால் டோமை நிரப்புவது. ஆஸ்திரேலியாவில் பால் போர்க் என்பவர் உருவாக்கிய வழி அது, ஸ்டெல்லேரியத்திலேயே அதற்கு ஒரு அமைப்பு உண்டு. ஒரு வாரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். ஆடியை ஒரு விரல்கடை தள்ளினால் சப்தரிஷி மண்டலம் கோணிக்கொள்ளும். கடைசியில் ஆடிக்கு அடியில் இரண்டு பழைய வினாத்தாள் கட்டைக் கொடுத்ததும் சரியானது. படம் மங்கல்தான். ஷோ நடந்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் நான் அவருக்கு அமெரிக்காவின் மோர்ஹெட் கோளரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1949இல் திறந்தது. அங்கே டெக்னீஷியனாக வந்த டோனி ஜென்ஸானோ என்பவர் பிறகு இயக்குநரே ஆகி, 30 வருஷம் இருந்தார். அமெரிக்க விண்வெளி வீரர்கள் பலர் நட்சத்திரங்களை அடையாளம் கண்டுபிடிக்கக் கற்றது அந்த டோமுக்குள். நிலாவில் நடந்த 12 பேரில் 11 பேர் அங்கே பயின்றவர்கள். அவர்களுக்காக ஒட்டுப்பலகையில் விண்கலக் கூண்டு மாதிரி செய்து, திருப்புவதற்கு முடிதிருத்துகிற கடை நாற்காலியைப் பயன்படுத்தினார்கள். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கிளம்பிய ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு தடவை மின்னல் தாக்கி, திசை காட்டும் அமைப்பு குழம்பிப்போனது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் மறுபடி சரிசெய்தார்கள்.

சேட்டன் ஆடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "டெக்னீஷியன் டைரக்டர் ஆனாரா?"

"ஆமா."

"நேர்காணல் எத்தனை தடவை?"

படிப்பு முடிந்து நான் வந்துவிட்டேன். இப்போது எங்கள் தாலுகாவிலேயே ஒரு பள்ளியில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது சும்மா இருக்க முடிவதில்லை, எவன் வாந்தி எடுப்பான் என்று வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருப்பேன். இப்போது தமிழில் பேசுவது ஒரு சின்னப் பையன், கோவிந்தாபுரம் பக்கம். என்னைவிட நன்றாகப் பேசுகிறான், பல்லியே தேவைப்படவில்லை.

போன மாதம் சேட்டனுக்குப் போன் செய்தேன். மாமா அந்த வேலியோரப் பனையை வெட்டிவிட்டார், வீடு கட்டுகிறார். "டோமில் இருக்கறதையும் எடுத்துடணுமா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"புதுசா எடுக்கணும்னா மறுபடி அங்க வரணும். அந்த டிரைபாடுக்கு ஒரு கால் போச்சு மோளே. கோப்பு போட்டிருக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நிக்கட்டும். துருவ நட்சத்திரத்துக்கு வழி சொல்ல அந்தப் பனைதான் சௌகரியம்."